பெட்ரா பிராங்கா: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

சிங்கப்பூரில் கப்பல்களுக்கு மளிகையும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுக்கும் சப்ளை படகில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். கிழக்குப் பக்கம் துறைமுக எல்லைக்கு வெளியே, எங்கள் பேச்சில் 'ஓபிஎல்', நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்களுக்குப் போகும்போது பெட்ரா பிராங்காவைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னதுதான் தப்பு. செய்தியில் அந்தப் பெயர் அடிபடும்போதெல்லாம் அக்கம்பக்கத்தார், கோயில் நண்பர்கள், பள்ளிப் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் என்று எல்லாரும் என்னிடம் வந்துவிடுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பெட்ரா பிராங்கான்னா என்ன? எங்க இருக்கு அது?

சிங்கப்பூர் நீரிணை தென்சீனக் கடலில் திறக்கும் கிழக்கு வாசலில் இருக்கும் ஒரு கருங்கல் பாறைத் தீவு. சிங்கப்பூரிலிருந்து கிழக்கே சுமார் 24 கடல் மைல், அதாவது 44 கிலோமீட்டர். மலேசியாவின் ஜொகூர்க் கரையிலிருந்து 7.7 கடல் மைல், இந்தோனீசியாவின் பிந்தான் தீவிலிருந்து 7.6 கடல் மைல். கவனியுங்கள், மூன்று நாடுகளில் நாம்தான் தூரத்துச் சொந்தம். பாறை சிங்கப்பூருக்கா மலேசியாவுக்கா என்ற குழப்பம் அத்தனையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மரீனா சவுத் பியரில் விடியற்காலை சரக்கு ஏற்றிக் கிளம்பினால், வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் அந்தப் பக்கம் எட்டும். முதலில் தெரிவது பாறை இல்லை. தண்ணீரில் நட்டுவைத்த கோல் மாதிரி, கறுப்பும் வெள்ளையும் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் தெரியும். இன்னும் நெருங்கினால்தான் அதற்குக் கீழே பாறை இருப்பதே கண்ணுக்குப் படும்.

எவ்வளவு பெருசு? ஒரு வீவக புளோக் கட்டலாமா?

வீவக அடுக்குமாடிக் கட்டடம் ஒரே ஒரு புளோக் கட்டலாம், வாகன நிறுத்துமிடம் கேட்கக் கூடாது. நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். கடல் வற்றும்போது அளந்தால் பரப்பளவு சுமார் 8,560 சதுர மீட்டர். ஒரு கால்பந்துத் திடலைவிடச் சற்றே பெரிது. நீர் ஏறும்போது அதிலும் ஒரு பகுதி போய்விடும்.

வெள்ளைப் பாறைன்னு பேரு. வெள்ளையடிச்சிருக்காங்களா?

அடித்தது பறவைகள். கடற்பறவைகள், குறிப்பாகப் பின்கழுத்தில் கறுப்புப் பட்டை உள்ள ஆலாக்கள், காலங்காலமாக இட்ட எச்சம் பாறை மேல் படிந்து வெளுத்ததால் வந்த பெயர். போர்ச்சுகீசிய மொழியில் 'பெட்ரா பிராங்கா', மலாயில் 'பத்து பூத்தே', சீனத்தில் 'பாய் ஜியாவ்' எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். தமிழில் வெண்பாறை என்று எழுதலாம், யாரும் எழுதுவதில்லை. மலேசியப் பத்திரிகைகளில் 'பத்து பூத்தே' என்று வந்தால் வேறு ஏதோ தீவு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. ஒரு மாணவி இணையத்தில் தேடி, ஒரு பல்லிப் படத்தைத் தன் புராஜெக்டில் ஒட்டிக்கொண்டு வந்தாள். அது ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவுக்குத் தெற்கே இருக்கும் இன்னொரு பெட்ரா பிராங்கா. 1642இல் ஏபல் தாஸ்மன் பெயரிட்டது. அந்த அரணை அந்தப் பாறையில் மட்டும்தான் வாழ்கிறது, நம் பாறையில் இல்லை.

அங்க யாராவது குடியிருக்காங்களா?

குடும்பம், வீடு, கடை என்று எதுவும் கிடையாது, இருந்ததும் கிடையாது. தண்ணீர் ஊறாது, பயிர் விளையாது. ஆனால் ஆளே தங்கியதில்லை என்றும் சொல்லக் கூடாது. விளக்கைப் பார்த்துக்கொள்ளும் காவலர்கள் 1851 முதல் முறை வைத்து அங்கே தங்கினார்கள். 1988இல் விளக்கு தானாக இயங்கும்படி மாற்றப்பட்ட பிறகு அந்தத் தேவை போயிற்று. வேலைக்காகத் தங்குவது வேறு, குடியிருப்பது வேறு. இந்த வித்தியாசம் பின்னால் கடல் சட்டம் பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

விளக்குக்கு ஹார்ஸ்பர்க்னு பேரு. அவருதான் கட்டினாரா?

இல்லை. அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் ஸ்காட்லாந்துக்காரர், மாலுமி. 1786இல் அவர் போன 'அட்லஸ்' என்ற கப்பல் இந்தியப் பெருங்கடலில் தியாகோ கார்சியா தீவில் மோதி உடைந்தது. காரணம், கையில் இருந்த வரைபடம் தப்பு. அந்த அடி அவரை விடவில்லை. அதன் பிறகு போன இடமெல்லாம் ஆழம் அளந்து, பாறை குறித்து, குறிப்பெழுதி வைத்தார். 1810இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல்வரைபட அதிகாரி ஆனார். சீனாவுக்கும் இந்தியாவுக்கும் போன கப்பல்களில் அவருடைய வழிகாட்டி நூல் இல்லாத கப்பல் அபூர்வம்.

1836இல் அவர் இறந்ததும், சீனாவின் கேண்டன் நகரில் இருந்த வணிகர்கள் அவர் நினைவாக ஒரு கலங்கரை விளக்கம் எழுப்பப் பணம் திரட்டினார்கள். எங்கே வைப்பது என்பதில் பல வருடம் இழுபறி. வேறொரு பாறையைத்தான் முதலில் யோசித்தார்கள், கடைசியில் பெட்ரா பிராங்கா முடிவாயிற்று. வரைபடப் பிழையால் கப்பலை இழந்தவரின் பெயர், கப்பல்களை உடைத்துக்கொண்டிருந்த ஒரு பாறைக்கு மேல் ஏறியது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே டச்சுக்காரரான லின்ஸ்கோட்டன், சீனாவுக்குப் போய் வரும் கப்பல்களுக்கு இந்தப் பாறை பெரும் ஆபத்து என்று எழுதி வைத்திருக்கிறார்.

அப்ப யார்தான் கட்டினது? நம்ம ஆளுங்க யாரும் இருந்தாங்களா?

பொறுப்பேற்றவர் ஜான் டர்ன்புல் தாம்சன், அரசாங்க நில அளவையாளர். தினமும் நாம் போய் வரும் தாம்சன் ரோடு அவர் பெயர்தான். இப்போது ஒரு எம்ஆர்டி ரயில் பாதைக்குப் பாதிப் பெயரும் அவர் தயவு. 1850 மே 24, விக்டோரியா அரசியின் பிறந்தநாள் அன்று அடிக்கல் நாட்டினார்கள். 1851 அக்டோபரில் விளக்கு எரியத் தொடங்கியது.

வேலை சாதாரணமானதில்லை. கருங்கல்லைப் புலாவ் உபினில் வெட்டி, செதுக்கிப் படகில் ஏற்றி, நடுக்கடலில் அலைக்கு ஆடும் படகிலிருந்து பாறை மேல் இறக்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அங்கே நிற்கவே முடியாது. அதனால் காற்று அடங்கிய மாதங்களில் மட்டும், இரண்டு பருவமாக வேலை நடந்தது. நான் போன படகுக்கு நல்ல இன்ஜின் இருந்தது. அப்படியிருந்தும் டிசம்பரில் அந்தப் பக்கம் போனால் அரிசி மூட்டையைக் கட்டிவைக்காவிட்டால் அது நம்மைக் கட்டிப்போட்டுவிடும். பாய்மரப் படகில் செதுக்கிய கல்லை வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டிருப்பார்கள்!

கட்டியவர்களில் சீனக் கல்தச்சர்கள், மலாய்க்காரர்கள், அப்புறம் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளும் உண்டு. 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த முதல் கைதித் தொகுதி சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 பேர். அதன்பின் வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் உட்பட இந்த ஊரின் பழைய கட்டடங்கள் பலவற்றில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. 'தமிழன் கட்டிய கலங்கரை விளக்கம்' என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. அதை எனக்கு அனுப்பாதீர்கள். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டியது.

தாம்சனின் உடம்பு இந்த வேலையோடு கெட்டது. பிறகு நியூசிலாந்துக்குப் போய் அந்நாட்டின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். இந்த விளக்கை அவரே வரைந்த ஓவியம் டுனடின் நகரின் ஹாக்கன் நூலகத்தில் இருக்கிறது.

இதுவும் ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கமும் ஒண்ணா?

இல்லை. அது தென்மேற்கே புலாவ் சத்துமு தீவில் இருக்கிறது. 1855இல் எரியத் தொடங்கியது. நம்முடையது கிழக்குக் கோடி, அது தெற்குக் கோடி.

ஜொகூருக்குப் பக்கத்துலதானே இருக்கு. அப்புறம் எப்படி நம்மளுது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும் கூட. பக்கத்தில் இருப்பதை வைத்து மட்டும் ஒரு தீவை யாருக்கும் எழுதிவைப்பதில்லை. அப்படிப் பார்த்தால் பிந்தான் இன்னும் பக்கம்.

தொடக்கத்தில் அது ஜொகூர் சுல்தானுடையது என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. இதைப் பல பேர் நம்புவதில்லை. சிங்கப்பூர்த் தரப்பு, 1847இல் பிரிட்டிஷார் வந்தபோது அது யாருக்கும் சொந்தமில்லாத பாறை என்று வாதாடியது. நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. நீரிணையின் தீவுகளில் சுற்றித் திரிந்த ஓராங் லாவுட் என்னும் கடல்மக்கள் ஜொகூர் சுல்தானின் குடிகள், அந்த வழியில் பாறையும் அவருடைய ஆட்சிக்குள் வந்தது என்றார்கள். 1824 ஆகஸ்டில் சுல்தானும் தெமங்கோங் என்ற மலாய்த் தலைவரும் சிங்கப்பூரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஒப்பந்தத்திலும் கரையிலிருந்து 10 மைலுக்குள் இருக்கும் தீவுகள்தான் அடக்கம். பெட்ரா பிராங்கா அதற்கு வெகு வெளியே.

ஆக, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டும். ஜொகூருடையது எப்போது, எப்படி நம்முடையதாயிற்று? அதற்குத்தான் கீழே 1953 கடிதம் வருகிறது.

தகராறு எப்ப ஆரம்பிச்சது?

1979 டிசம்பர் 21. அன்று மலேசியா தன் கடல் எல்லைகளைக் காட்டும் ஒரு வரைபடத்தை வெளியிட்டது. அதில் பெட்ரா பிராங்கா அவர்கள் பக்கம் இருந்தது. 1980 பிப்ரவரி 14 அன்று சிங்கப்பூர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தது. வழக்கு மொழியில் இதைத் தகராறு உருவான நாள் என்பார்கள். அதற்குப் பிறகு யார் கொடி ஏற்றினாலும், ரோந்து போனாலும் கணக்கில் சேராது, வழக்குக்காகச் செய்தது என்றாகிவிடும். அதற்கு முன் செய்ததுதான் சாட்சி.

கோர்ட்டுக்குப் போக ஏன் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு?

அனைத்துலக நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு போக வேண்டுமென்றால் இரு நாடும் சம்மதிக்க வேண்டும். பேச்சுவார்த்தை நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது. சிறப்பு உடன்பாட்டில் கையெழுத்தானது 2003 பிப்ரவரி 6. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 2007 நவம்பரில் விசாரணை. சிங்கப்பூரின் சார்பாளர் டாமி கோ, குழுவில் அன்றைய துணைப் பிரதமர் எஸ். ஜெயகுமாரும் அன்றைய தலைமை நீதிபதி சான் செக் கியோங்கும். 2008 மே 23இல் தீர்ப்பு.

விசாரணையில் ஒரு வேடிக்கை. கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் ஜொகூரின் குன்று ஓங்கி நிற்கிற மாதிரி ஒரு புகைப்படத்தை மலேசியத் தரப்பு காட்டியது. பார்த்தால் நீந்தியே போய்விடலாம் போலிருக்கும். அது ஒரு வலைப்பூவிலிருந்து எடுத்தது, தூரத்தைக் குறுக்கிக் காட்டும் லென்ஸ் வேலை என்று சிங்கப்பூர்த் தரப்பு விளக்கியது. ஜொகூர்க் குன்று அந்தப் பாறையிலிருந்து பார்த்தால் அடிவானத்தில் ஒரு கோடுதான்.

விளக்கு நம்ம கையில இருந்துச்சு, அதனாலதானே ஜெயிச்சோம்?

இப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். விளக்கு மட்டும் போதாது. அதற்கு நல்ல உதாரணம் புலாவ் பீசாங். நீரிணையின் மேற்கு முனையில், ஜொகூர்க் கரையோரம் இருக்கும் தீவு. அங்கேயும் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது, அதையும் சிங்கப்பூர்தான் நடத்துகிறது. ஆனால் தீவு மலேசியாவுடையது, அதில் நமக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தவர் இடத்தில் விளக்கு வைத்து எரிப்பது கடல் உலகத்தில் சாதாரணம்.

அப்படியென்றால் எது வேலை செய்தது? விளக்குக்கு அப்பால் நடந்த சில்லறைக் காரியங்கள். அந்தப் பாறையருகே கப்பல் தரைதட்டினால் விசாரணை நடத்தியது சிங்கப்பூர். 1974இலும் 1978இலும் மலேசிய அலுவலர்கள் கடல்மட்டம் அளக்கும் வேலைக்காக அங்கே போக நேர்ந்தபோது சிங்கப்பூரிடம் அனுமதி பெற்றுத்தான் போனார்கள். 1977இல் சிங்கப்பூர் அங்கே ராணுவத் தொடர்புக் கருவி பொருத்தியது. 1970களிலேயே பாறையைச் சுற்றி மண் கொட்டி விரிவாக்கத் திட்டம் போட்டு, அதற்கு விளம்பரமும் கொடுத்தது.

கொடிக் கதை இதில் எனக்குப் பிடித்தது. இரண்டு கலங்கரை விளக்கங்களிலும் சிங்கப்பூர்க் கொடி பறந்தது. 1968இல் மலேசியா புலாவ் பீசாங்கில் கொடியை இறக்கச் சொன்னது, சிங்கப்பூர் இறக்கியது. பெட்ரா பிராங்காவில் பறந்த கொடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றுக்கு வாய் திறந்து இன்னொன்றுக்குப் பேசாமல் இருந்தது பின்னால் அவர்களுக்கே பாதகமாகப் போயிற்று. போதாததற்கு, 1962 முதல் 1975 வரை அவர்கள் தரப்பு வெளியிட்ட சில வரைபடங்களில் அந்தத் தீவின் பெயருக்குக் கீழே 'சிங்கப்பூர்' என்று அச்சாகியிருந்தது.

அந்த 1953 லெட்டர்ல அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு?

ஒரே ஒரு வாக்கியம். கதையை முதலிலிருந்து சொல்கிறேன். 1953 ஜூன் 12இல் சிங்கப்பூர்க் காலனிச் செயலாளர் அலுவலகத்திலிருந்து ஜொகூரின் பிரிட்டிஷ் ஆலோசகருக்கு ஒரு கடிதம் போனது. காலனியின் கடல் எல்லையை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, பெட்ரா பிராங்காவின் நிலை என்ன, குத்தகையோ மானியமோ கொடுத்த ஆவணம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். அதே கடிதத்தில் புலாவ் பீசாங்கைப் பற்றியும் சொன்னார்கள்: அதற்கு 1900ஆம் ஆண்டுப் பத்திரம் ஜொகூர்ப் பதிவேட்டில் கிடைத்துவிட்டது, இதற்குக் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 21 அன்று ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளரிடமிருந்து பதில் வந்தது. பெட்ரா பிராங்காவின் உடைமையை ஜொகூர் அரசு கோரவில்லை. அவ்வளவுதான். நிபந்தனை இல்லை, விளக்கம் இல்லை. சிங்கப்பூர் அலுவலகத்தில் அந்தக் கோப்பைப் பார்த்த அதிகாரி, இதை வைத்து நாம் பெட்ரா பிராங்காவைக் கோரலாம் என்று உள்குறிப்பு எழுதினார். பிறகு கோப்பை மூடிவிட்டார்கள். வெளியே எந்த அறிவிப்பும் செய்யவில்லை.

ஓர் அரசு அலுவலகத்தில் தினம் எத்தனையோ பதில் கடிதம் தட்டச்சாகும். அன்று மாலை அந்தக் காகிதத்தை உறையில் போட்டு ஒட்டியவருக்கு, 54 வருடம் கழித்து ஹேக்கில் அதன் ஒவ்வொரு சொல்லையும் பிரித்து வாதாடுவார்கள் என்று தோன்றியிருக்குமா?

'உடைமை இல்ல'ன்னுதானே சொன்னாங்க, 'ஆட்சி இல்ல'ன்னு சொல்லலையே?

சபாஷ், மலேசிய வழக்கறிஞர்கள் பிடித்ததும் இதே இடம்தான். வீடு உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் அது இருக்கும் மண்ணின் ஆட்சி அரசாங்கத்துடையது. உடைமை வேறு, இறையாண்மை வேறு. ஜொகூர் விட்டது முதலாவதை மட்டும் என்றார்கள்.

நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கேட்ட கேள்வி என்ன என்று பார்த்தார்கள். கேட்டது கடல் எல்லைக்காக, அதாவது ஆட்சியைப் பற்றி. பதிலும் அதற்குத்தான். தற்காலிகச் செயலாளருக்கு அப்படி எழுத அதிகாரம் இல்லை என்ற வாதமும் எடுபடவில்லை. ஆனால் கடிதம் ஒன்றே தீவைக் கைமாற்றியது என்றும் தீர்ப்பு சொல்லவில்லை. 1953இல் ஜொகூர் என்ன நினைத்தது என்பதை அது காட்டியது. அதன்பின் சிங்கப்பூர் ஆட்சியாளராக நடந்துகொண்டது, எதிர்ப்பக்கம் பேசாமல் இருந்தது, இந்த மூன்றும் சேர்ந்து 1980க்குள் இறையாண்மை சிங்கப்பூருக்கு வந்துவிட்டது என்பதுதான் முடிவு.

ஓட்டு எத்தனை? நம்ம ஆளு நமக்கும் அவங்க ஆளு அவங்களுக்கும் போட்டாங்களா?

பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்கு: 12க்கு 4. ஒவ்வொரு நாடும் ஒரு தற்காலிக நீதிபதியை நியமிக்கலாம். மலேசியா நியமித்த தென்னாப்பிரிக்கரான ஜான் டியூகார்ட் எதிர்த்த நால்வரில் ஒருவர். சிங்கப்பூர் நியமித்தவர் இந்தியச் சட்ட அறிஞர் பெம்மராஜு ஸ்ரீனிவாச ராவ். பக்கத்தில் இருக்கும் மிடல் ராக்ஸ் என்ற சிறு பாறைகள் மலேசியாவுக்கு என்ற 15க்கு 1 வாக்கில் அந்த ஒரு எதிர்ப்பு அவருடையது. ஆக, எதிர்பார்த்தபடிதான். ஆனால் எதிர்த்தவர்களில் மற்ற மூவருக்கு எந்த நாட்டோடும் ஒட்டுறவு இல்லை. வழக்கு அவ்வளவு எளிதாக ஜெயித்ததில்லை.

மிடல் ராக்ஸை ஏன் கோட்டை விட்டோம்?

பெட்ரா பிராங்காவுக்குத் தெற்கே 0.6 கடல் மைலில் இருக்கும் சில சிறு பாறைகள் அவை. எப்போதும் தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர் அளவில் தலைகாட்டும். பெட்ரா பிராங்கா, மிடல் ராக்ஸ், இன்னும் தெற்கே உள்ள சவுத் லெட்ஜ் மூன்றும் ஒரே கூட்டம், ஒன்று வந்தால் எல்லாம் வரும் என்று நாம் வாதாடினோம். ஆனால் மேலே சொன்ன கடிதமோ, கொடியோ, அனுமதியோ எதுவும் மிடல் ராக்ஸைத் தொடவில்லை. ஆதியில் ஜொகூருடையது, அதை மாற்ற எதுவும் நடக்கவில்லை, எனவே மலேசியாவுடையது. தர்க்கம் நேர்தான். 2017இல் மலேசியா அங்கே ஒரு கடல்சார் தளம் திறந்துவிட்டது. இப்போது ஒரு பக்கம் பார்த்தால் நம் விளக்கு, மறுபக்கம் அவர்கள் தளம்.

சவுத் லெட்ஜ் அப்ப யாருக்கு?

அது இன்னும் தெற்கே, பெட்ரா பிராங்காவிலிருந்து இரண்டு கடல் மைலுக்குச் சற்று அதிகம். நீர் வற்றினால் மட்டும் வெளியே தெரியும் திட்டு. எவருடைய கடற்பரப்பில் கிடக்கிறதோ அவருக்கு என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. அது கிடக்கும் இடத்தில் இரு நாட்டுக் கடற்பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. கடலில் கோடு போடும் வேலை இரு நாட்டுத் தொழில்நுட்பக் குழுவிடம் போயிருக்கிறது. கோடு விழுந்தால்தான் திட்டுக்கு உரியவர் யார் என்று சொல்ல முடியும்.

இது தீவா, பாறையா? தீவுன்னா 200 மைல் கிடைக்குமாமே?

கடல் சட்டத்தில் இந்த இரண்டுக்கும் விலை வேறு. கடல் வற்றினாலும் ஏறினாலும் வெளியே நிற்கும் இயற்கை நிலம் என்றால் சுற்றி 12 கடல் மைல் வரை ஆட்சிக்கடல் உண்டு. அதைப் பெட்ரா பிராங்காவுக்கு மறுக்க முடியாது. 200 கடல் மைல் சிறப்புப் பொருளியல் வட்டாரம், அதாவது கடல் வளங்களை எடுக்கும் உரிமை உள்ள பரப்பு, வேண்டுமென்றால் மனிதர் குடியிருக்கவோ சொந்தமாகப் பொருளியல் நடத்தவோ அந்த நிலம் தாங்க வேண்டும். நான்காவது கேள்விக்கு நான் சொன்ன தண்ணீர், பயிர் விஷயம் இங்கேதான் உதைக்கிறது.

2008 ஜூலையில் அன்றைய வெளியுறவு மூத்த துணை அமைச்சர் பாலாஜி சதாசிவன் நாடாளுமன்றத்தில், பெட்ரா பிராங்காவைச் சுற்றி ஆட்சிக்கடலோடு பொருளியல் வட்டாரமும் கோரும் நோக்கம் இருப்பதைச் சொன்னார். மலேசியா உடனே எதிர்த்தது. என் கருத்தைக் கேட்டால், அந்தக் குறுகிய கடலில் பெரிய மைல் கணக்குக்கு இடமே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் எட்டு மைலுக்குள் இன்னொருவர் கரை வந்துவிடும், கிழக்கே திறந்த கடல் பக்கம்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

மண் கொட்டிப் பெருசாக்குறாங்களாமே, அப்ப எல்லையும் வளருமா?

முதல் பாதி சரி. சுமார் 7 ஹெக்டர் நிலமீட்புப் பணி அந்த ஆண்டு இறுதியில் தொடங்கும் என்று 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். கடல் பாதுகாப்பு, தேடல் மீட்புப் பணிகளுக்கு வசதியாகப் படகுத்துறையும் கட்டடங்களும். பாறையின் இயற்கை அளவு ஒரு ஹெக்டர்கூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள், எட்டு மடங்கு. ஆனால் கடல் எல்லையை இயற்கை நிலத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். கொட்டிய மண் பாறையைத் தீவாக்காது.

மலேசியா மறுபடி கேஸ் போட்டாங்களே, அது என்னாச்சு?

2017 பிப்ரவரியில் போட்டார்கள். லண்டன் ஆவணக் காப்பகத்தில் புதிதாகச் சில தாள்கள் கிடைத்திருக்கின்றன, 1958இல் சிங்கப்பூர் அதிகாரிகளே அந்தத் தீவைத் தங்களுடையதாகக் கருதவில்லை என்று அவை காட்டுகின்றன, தீர்ப்பைத் திருத்துங்கள் என்றார்கள். ஜூன் மாதம் தீர்ப்பின் பொருளை விளக்கக் கோரி இன்னொரு மனு. 2018 ஜூன் 11இல் விசாரணை தொடங்க இருந்தது. மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியதும், புதிய அரசு இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இனி போடலாமா என்றால், திருத்த மனுவுக்கு வழியில்லை. அந்த நீதிமன்றத்தில் மேல்முறையீடு கிடையாது. புதிய ஆதாரம் கிடைத்துத் திருத்தம் கேட்பதற்கும் தீர்ப்பு நாளிலிருந்து பத்து வருடம்தான் கெடு. 2018 மே 23 அன்று அது முடிந்துவிட்டது. மனுவைத் திரும்பப் பெற்றது சில நாள் கழித்து. அந்தத் தேதிகள்தான் பின்னால் மலேசியாவில் உள்நாட்டு அரசியல் ஆயிற்று. 2024இல் ஓர் அரச விசாரணை ஆணையம் வைத்தார்கள், டிசம்பரில் அதன் அறிக்கை வெளியானது. அது அவர்கள் வீட்டு விஷயம், தீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது.

நாங்க போய்ப் பார்க்கலாமா அண்ணே? குடும்பத்தோட ஒரு டிரிப்?

கூசு தீவுக்குப் போகிற மாதிரி டிக்கெட் எடுத்துப் போக முடியாது. பொதுமக்கள் இறங்க அனுமதி இல்லை. சிங்கப்பூர்க் கரையிலிருந்து கண்ணுக்கும் தெரியாது. மேகம் இல்லாத இரவில் ஜொகூரின் தென்கிழக்குக் கடற்கரையில் நின்றால் கடலுக்குள் ஒரு வெளிச்சம் வந்து வந்து போவதைப் பார்க்கலாம். தேசாரு பக்கம் குடும்பத்தோடு போகிறவர்கள் பலர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ மீன்பிடிப் படகு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நானும் இறங்கியதில்லை. ஒருமுறை தூத்துக்குடிக்காரர் ஒருவர் வேலை பார்த்த கப்பலுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். கிரேன் கயிற்றில் வெங்காய மூட்டை மேலே போகிறது, அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, அந்த விளக்கு எந்த ஊரு?" என்றார். சிங்கப்பூர் என்றேன். திரும்பி மேற்கே பார்த்தார். அந்தத் திசையில் கரையே தெரியவில்லை. "சும்மா சொல்லாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மூட்டைகளை எண்ணப் போய்விட்டார்.